எனக்கு மட்டும் சொல்லாத ஊசி

தம்பி,

நேற்று நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை உன் அம்மா சத்தமாக வைத்து எனக்குப் போட்டுக் காட்டினாள். “என் மேல இருக்க கோவத்தை உங்க உடம்பு மேல காட்டாதீங்கப்பா. வெள்ளிக்கிழமை ஊசி போட்டே ஆகணும், ஏற்கெனவே தள்ளிப்போச்சு” என்று சொல்லியிருந்தாய். கே.கே. நகரிலிருந்து நம் வீட்டுக்கு வண்டியில் வர எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? நான் வராதே என்றேன், அதனால் வரவில்லை என்பாய். இதில் மட்டும் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாக இருக்கிறாய். போனில் பேசலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போலச் சொல்வதற்குள் “டென்ஷன் ஆகாதீங்கப்பா” என்று நடுவில் வந்து விழுவாய். காகிதத்தில் உன்னால் அது முடியாது. பத்தாவது வரை படித்தவன் எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். படித்துவிட்டு உன் தங்கையிடமும் அவள் புருஷனிடமும் கொடு. அவர்களுக்கும் தெரிந்திருந்ததாம். இந்தக் குடும்பத்தில் தெரியாதவன் நான் ஒருவன்தான், அதுவும் என் உடம்பைப் பற்றி.

நடந்ததில் உனக்கு உன் பக்கம்தான் தெரியும். என் பக்கத்தைச் சொல்கிறேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் நீ வழக்கம்போல ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் டாக்டர் அறைக்குள் போனாய். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மாதக்கணக்காக என்னைப் படுத்துகிற அந்த வேக்காடு திடீரென்று வந்தது. நெஞ்சில் தொடங்கி, கழுத்து, காது என்று ஏறி, ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டை நனைந்துவிட்டது. பக்கத்து நாற்காலியில் உசிலம்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிற சம்சாரி ஒருவர், என் வயதுதான் இருக்கும், தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“உங்களுக்கும் மூணு மாச ஊசிதானாண்ணே?”

“ஆமா. உள்ள ஏதோ வீக்கமாம், வத்துறதுக்கு ஊசி” என்றேன்.

அவர் சிரித்தார். “வீக்கமா? நல்லாச் சொன்னீங்க போங்க. ஆம்பளச் சத்தை நிப்பாட்டுற ஊசிண்ணே இது. நம்ம கேன்சருக்கு அந்தச் சத்துதான் தீனியாம். அதை நிப்பாட்டிட்டா அது பட்டினி கெடக்கும். மாட்டுக்குக் காயடிக்கிறோம்ல, அதேதான். நமக்குக் கிட்டி வச்சு நசுக்காம ஊசியில முடிச்சுர்றாக.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுபோனது. “அண்ணே, உங்களுக்குச் சொல்லலையா?” என்றார். தப்புச் செய்துவிட்டவரைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எனக்கு என் மக மொத நாளே சொல்லிருச்சு. ‘அய்யா, வேர்க்கும், அழுகை வரும், தூக்கம் கெடும். மண்டைக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு நெனச்சுறாதீங்க, ஊசி பண்ற வேலை’ன்னு சொல்லித்தான் கூட்டியாந்துச்சு” என்றார்.

கேன்சர் என்ற சொல்லை என் காதில் முதலில் போட்டவர் பெயர்கூடத் தெரியாத அந்த மனிதர். நீ வெளியே வந்ததும், “தம்பி, எனக்குக் கேன்சரா?” என்று கேட்டேன். நீ என்னைப் பார்க்கவில்லை. முதலில் அவரைத்தான் முறைத்தாய். அதை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். உண்மையைச் சொன்னவரை முறைக்கிற அளவுக்கு அந்தப் பொய் உனக்குச் சொந்தமாகிப் போயிருந்தது. பிறகு வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றுகொண்டு சொன்னாய்: “சொல்லியிருந்தா ஊசி போட்டிருப்பீங்களா? மீசைக்காக உசுரை விட்டிருப்பீங்க. எனக்கு எங்கப்பா வேணும்.” நான் ஊசியும் வேண்டாம், உன் வண்டியும் வேண்டாம் என்று ஷேர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, ஒவ்வொன்றிலும் நீ பக்கத்தில் நிற்கிறாய். ஒன்றுக்குப் போவதில் சிரமம் என்று நான்தான் உன்னிடம் சொன்னேன். ஸ்கேன், ரத்தம், சதையைக் கிள்ளி எடுத்துச் சோதனை எல்லாம் நடந்தது. “வயசானா எல்லாருக்கும் வர்றதுதாம்ப்பா, சின்ன வீக்கம், மூணு மாசத்துக்கு ஒரு ஊசி, பக்க விளைவு ஒண்ணும் கெடையாது” என்றாய். நீ காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். காளவாசலில் முப்பது வருடம் ஆட்டோ எலக்ட்ரீஷியனாக இருந்தவன் நான். வண்டியில் ஒரு ஃபியூஸ் போனாலும் எதனால் போனது என்று கண்டுபிடிக்காமல் புது ஃபியூஸ் போட மாட்டேன். என் உடம்புக்குள் என்ன போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்க வேண்டியவன் நீ இருக்கிறாய் என்று விட்டுவிட்டேன். மகனை நம்புவது ஒரு குற்றமா, சொல்.

உன் கல்யாணத்துக்கு வருவோம். அப்போது இரண்டாவது ஊசி போட்டு முடிந்திருந்தது. மண்டபத்தில் பாதபூஜைக்கு உன் அம்மாவும் நானும் உட்கார்ந்தோம். நீ தாம்பாளத்தில் என் காலை எடுத்து வைத்துத் தண்ணீர் ஊற்றினாய். எனக்கு அழுகை வந்தது. மகன் காலைக் கழுவினால் எந்தத் தகப்பனுக்கும் கண் கலங்கத்தான் செய்யும், அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை. ஆனால் நிற்கவில்லையே. தாலி கட்டும்போது அழுதேன், உன் தாய்மாமனைப் பார்த்து அழுதேன், பந்தியில் பாயசம் ஊற்றியவனைப் பார்த்தும் அழுதேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உன் பெரியப்பா, “என்னடா இது பொம்பள மாதிரி” என்றார். நீ என் தோளைப் பிடித்து மணமகன் அறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, “கொஞ்ச நேரம் இங்கயே இருங்கப்பா, போட்டோவுல நல்லா இருக்காது” என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாய். உன் கல்யாண ஆல்பத்தில் பாதிக்கு மேல் நான் இல்லை. அந்த அறையில் உட்கார்ந்து, எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறது, பிள்ளை வாழ்க்கை தொடங்குகிற நாளில் இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்து நடுங்கினேன். கதவுக்கு அந்தப் பக்கம் காரணம் தெரிந்த ஒருவன் மாலையோடு நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நடுக்கம் இருந்திருக்காது.

தகப்பன் மகனுக்கு எழுதக்கூடாத ஒன்றையும் எழுதுகிறேன். உனக்கும் இப்போது மனைவி இருக்கிறாள், தெரிந்துகொள். எனக்கு உன் அம்மாவின் பக்கத்தில் படுக்கவே வெட்கமாகிப் போனது. ஆசை என்ற ஒன்று இருந்த இடமே தெரியவில்லை. அவளுக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும் என்று நானே பாயை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டேன். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். சிரிக்காதே. ஒரு மனிதனுக்குத் தன் உடம்பும் புத்தியும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போனால், காரணம் சொல்ல ஆளில்லாதபோது, அவன் கோடாங்கியிடம்தான் போவான். போனேன். அவர் உடுக்கை அடித்து, பங்காளி வீட்டுக் கண் என்றார். தாயத்து கட்டிவிட்டார். அதைப் பார்த்துவிட்டு நீ, “என்னப்பா, இந்தக் காலத்துல போயி” என்று சிரித்தாய். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மருந்தை உள்ளே ஏற்றி, காரணத்தை மறைத்து, நான் இருட்டில் தடவிக்கொண்டு போய் ஒரு கயிற்றைப் பிடித்ததற்கும் சிரித்திருக்கிறாய். பங்காளி வீட்டோடு நான் பேச்சை நிறுத்தி எத்தனை மாதம் ஆகிறது என்று உனக்குத் தெரியும். அவர்கள் முகத்தில் இனி எப்படி விழிப்பது?

எல்லாவற்றையும்விடப் பெரியது கடை. ஒரு வேனுக்கு ஹெட்லைட் வயரிங் செய்யும்போது எந்த வயர் எதற்கு என்று குழம்பிவிட்டது. வண்டிக்காரர் பழகியவர்தான், “என்னண்ணே, தூக்கமில்லையா?” என்று கேட்டார். அதற்கே எனக்கு அழுகை வந்தது. டெஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு காளவாசல் நடு ரோட்டில் ஓர் ஆள் அழுதால் எப்படி இருக்கும்? அன்று உன்னிடம், “தம்பி, என்னால இனி முடியாது போலருக்கு, கடையை விட்டுறலாமா?” என்று கேட்டேன். நான் எதிர்பார்த்தது ஒரு மறுப்பு. “அப்படியெல்லாம் இல்லப்பா, சரியாயிரும்” என்று நீ சொல்லுவாய் என்றுதான் கேட்டேன். நீ என்ன சொன்னாய்? “வயசாகுதுல்லப்பா. ரெஸ்ட் எடுங்க.” வயசு இல்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்தே என் கையிலிருந்து சாவியை வாங்கினாய். இப்போது அங்கே செல்போன் கவர் தொங்குகிறது. அந்த வழியாகப் பஸ் போனால் நான் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். நீ கடைக்கு ஆசைப்பட்டவன் இல்லை, எனக்குத் தெரியும். உனக்கு அது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அப்பா வீட்டிலேயே இருந்தால் கேள்வி கேட்க ஆள் குறைவு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வேண்டுமென்றால் சாப்பிடுகிறவன் வெளியே போகாமல் இருக்க வேண்டும் அல்லவா?

போன வாரம் உனக்குச் சொல்லாமல் உன் அம்மாவும் நானும் அந்த டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தோம். உன்னிடம்தான் இத்தனை நாளும் அவர் பேசியிருக்கிறார். “எனக்கு ஒண்ணுமே தெரியாது டாக்டர், மொதல்லேருந்து சொல்லுங்க” என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “உங்க பையன் எல்லாம் சொல்லிட்டேன்னு சொன்னாரே ஐயா” என்றார். ஆக, அவரிடமும் பொய். அந்த அம்மா கோபப்பட்டதை மறைத்துக்கொண்டு, எனக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். எனக்குப் புரிந்ததை உனக்குச் சொல்கிறேன், நீ இதையெல்லாம் கேட்டிருப்பாய், ஆனால் என்னிடமிருந்து கேட்டதில்லை.

எனக்கு வந்திருப்பது ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பியில் வருகிற கேன்சராம். அந்தச் சம்சாரி சொன்ன ஆம்பளச் சத்து, அதாவது ஆணுக்குரிய அந்தச் சுரப்பு, இடுப்புக்குக் கீழே மட்டும் வேலை செய்வதில்லையாம். ரத்தத்தோடு மூளைக்குப் போகிறது. அங்கே அதைப் பிடித்துக்கொள்வதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. “ரிசெப்டர்னு சொல்லுவோம், பாடப் புத்தகத்துல ஏற்பின்னு இருக்கும்” என்றார். “ரிலே மாதிரியா டாக்டர்?” என்று கேட்டேன். வண்டியில் ஹாரன் பட்டனிலிருந்து வருவது சின்னக் கரண்ட்தான், அது ரிலேயைத் தொட்டதும் பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் திறந்துகொள்ளும், சத்தம் வரும் என்று விளக்கினேன். அவர் சிரித்து, “கிட்டத்தட்ட அதேதான் ஐயா” என்றார். இந்த ஊசி எங்கே வேலை செய்கிறது என்றும் கேட்டேன். மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறது. மேலேயிருந்து அதற்கு விட்டுவிட்டு ஒரு செய்தி வர வேண்டும், வந்தால் அது கீழே விரைக்கு உத்தரவு அனுப்பும். ஊசி மருந்து அதே செய்தியை விடாமல் தட்டிக்கொண்டே இருக்கிறது. முதலில் கொஞ்சம் துள்ளும், பிறகு அந்த ஏற்பிகள் மரத்துப்போய்விடும். காளவாசல் சிக்னலில் விடாமல் ஹாரன் அடிக்கிறவனை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? அதேதான். உத்தரவு நின்றுவிடுகிறது, சுரப்பும் நின்றுவிடுகிறது.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை ஆச்சரியப்படுத்தியது. ஆணின் மூளைக்குள் போகிற அந்தச் சுரப்பில் ஒரு பங்கு, அங்கேயே பெண்ணின் சுரப்பாக மாறி வேலை செய்கிறதாம். மீசை வைத்த ஆளுக்கும் உள்ளே அது வேண்டியிருக்கிறது. இது நின்றால் அதுவும் நின்றுபோகும். உடம்புச் சூட்டைக் கணக்காக வைத்திருக்கிற இடத்துக்குத் தடுமாற்றம் வந்து, சூடே இல்லாதபோது சூடு என்று நினைத்து வேர்வையைத் திறந்துவிடுகிறது. மனசைச் சமமாக வைத்திருக்கிற செய்திகள் வேறு சில இருக்கின்றன, அவற்றின் ஏற்பிகள் எவ்வளவு அழுத்தமாக வேலை செய்யும் என்பதிலும் இந்தச் சுரப்புகளுக்குக் கை இருக்கிறது. அதனால் சிலருக்கு அழுகை வரும், சிலருக்கு எரிச்சல் வரும், சிலருக்கு ஒன்றுமே வராது. “முன்னாடியே நீங்க சொல்லியிருந்தா வேர்வைக்கும் தூக்கத்துக்கும் ஏதாவது பண்ணியிருப்பேன் ஐயா. நீங்க நல்லா இருக்கீங்கன்னுல்ல உங்க பையன் ஒவ்வொரு தடவையும் சொன்னார்” என்றார். நல்லா இருக்கேனாம். கேட்டுக்கொள்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். “நீயும் சேந்துதானே மறைச்ச?” அவள் அழவில்லை. ஃபேனுக்கு அடியில் என்னை உட்கார வைத்து, ஈரத் துண்டைக் கழுத்தில் போட்டாள்.

“அவன்தான் சொல்ல வேணாம்னான். உங்களுக்கு மொத மொதல்ல வேர்த்தப்பவே எனக்குத் தெரியும், இது எனக்கு வந்ததுதான்னு.”

“உனக்கு எப்ப வந்துச்சு?”

“தீட்டு நின்ன வருசம். அடுப்படியில நின்னுக்கிட்டு தலையோட தண்ணிய ஊத்திக்கிருவேன். நீங்க, ‘என்ன, அடுப்படியில மழை பேஞ்சுச்சா’ன்னு கேப்பீங்க. நானும் ஆமான்னுருவேன்.”

அன்று முழுக்க நாங்கள் அதைப் பற்றித்தான் பேசினோம். அவளுக்கு எப்போதெல்லாம் வந்தது, எனக்கு எப்போதெல்லாம் வருகிறது என்று ஒப்பிட்டுப் பார்த்தோம். இத்தனை வருடக் குடித்தனத்தில் இப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை. பாயை மறுபடியும் உள்ளே போட்டுக்கொண்டேன். அவளை நான் மன்னித்துவிட்டேன், ஏனென்றால் அவள் சொல்லாமல் இருந்தாலும் துண்டை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நீ சொல்லவும் இல்லை, நனைத்துக் கொடுக்கவும் இல்லை. இதில் உனக்கு ஒரு பாடம் இருக்கிறது. உன் மனைவிக்குப் பிள்ளை பிறந்த பிறகு இதே சுரப்புகள் ஏறி இறங்கும், காரணமில்லாமல் அழுவாள். பின்னால் ஒரு வயதில் அவளுக்கும் வேர்க்கும். அப்போது கதவைச் சாத்திவிட்டுப் போகாதே. என்ன நடக்கிறது என்று கேள், தெரிந்ததைச் சொல், தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்.

நான் கோபக்காரன், அதனால்தான் மறைத்தாய் என்று உன் தங்கையிடம் சொல்லியிருக்கிறாய். ஸ்பேனரை விட்டெறிகிற ஆள், டாக்டர் அறையிலேயே கத்தியிருப்பார், எழுந்து போயிருப்பார் என்றாயாம். அந்தப் பழியை என் தலையில் கட்டப் பார்க்காதே. அந்தக் கோபமும் சுரப்பு செய்த வேலைதானா என்று டாக்டரிடம் கேட்டேன், “எல்லாத்தையும் அது மேல போட முடியாது ஐயா, பழக்கமும் இருக்கு” என்றார். “அது அவுக அப்பன் வீட்டுச் சொத்து டாக்டர்” என்று உன் அம்மா இடையில் சொன்னாள். இப்போது சுரப்பு இல்லை, ஆனால் கோபம் இருக்கிறதே, இந்தக் காகிதமே சாட்சி. நீ சொன்னது ஒருவேளை உண்மையாகவும் இருக்கலாம். முதல் நாளே சொல்லியிருந்தால், எனக்கு எதுவும் வேண்டாம், மீசையோடு போகிறேன் என்று நான் அடம்பிடித்திருக்கலாம். ஒரு வாரம் கத்தியிருப்பேன். பிறகு உன் அம்மா முகத்தைப் பார்த்திருப்பேன், உன் கல்யாணத்தை நினைத்திருப்பேன், வந்து உட்கார்ந்து கையை நீட்டியிருப்பேன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த ஒரு வாரத்தை எனக்குக் கொடுத்திருந்தால் நாம் இருவருமே தெரிந்துகொண்டிருப்போம். நீ என் உயிரைக் காப்பாற்றினாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒன்றரை வருடம் என்னை எனக்கே அந்நியனாக்கி வைத்துக் காப்பாற்றினாய்.

வெள்ளிக்கிழமை ஊசி போட்டுக்கொள்கிறேன். அது வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார், ரத்தத்தில் நோயின் அளவு நன்றாக இறங்கியிருக்கிறதாம். அழுகை வந்தால் அழுதுகொள்வேன், காரணம் தெரிந்த பிறகு அது அவ்வளவு பயமாக இல்லை. ஃபைலை உன் அம்மாவிடம் கொடுத்துவிடு. டாக்டர் இனி என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். நீ வர வேண்டாம். உன்னைப் பார்க்கும்போது பழைய மாதிரி தோளில் கை போடத் தோன்றுகிற நாள் வந்தால் நானே கூப்பிடுகிறேன், எப்போது வரும் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று. கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். தகப்பனுக்கு இந்த நோய் இருந்தால் மகனுக்கும் வர வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாம். வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் நாற்பது வயதைத் தாண்டியதும் இதற்கான ரத்தப் பரிசோதனையைப் பற்றி நீ ஒரு டாக்டரிடம் பேச வேண்டும், அலட்சியமாக விடக்கூடாது. உன்னிடம் இதைச் சொல்லவே கூடாது என்று உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இப்பத்தான் கல்யாணம் ஆகிருக்கு, பிள்ள பயந்துருவான், பின்னாடி சொல்லிக்கலாம்” என்றாள்.

நான் சொல்லிவிட்டேன்.

அப்பா